சபையை யாரிடம் ஒப்படைப்பது? முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: நான் ஆரம்பித்த சுயாதீன சபையை (எந்தத் திருச்சபை அமைப்பின் கீழும் வராதது) 28 ஆண்டுகளாக நடத்துகிறேன், வயது 66. சபை மனை என் பெயரில் இருக்கிறது. உதவி போதகர் 14 ஆண்டுகளாக உடன் இருக்கிறார். மகன் ஐடி வேலையில் இருக்கிறான், ஊழியத்துக்கு வருவதாக இதுவரை சொல்லவில்லை. ஆனால் மகன்தான் வரவேண்டும் என்கிறார் மனைவி. எங்கிருந்து தொடங்குவது?

பாஸ்டர் ஐயா, ஆள் யார் என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த மனை. காணிக்கைப் பணத்தில் வாங்கியது என்று சபை முழுவதற்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். உயில் எழுதாமல் நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு உங்கள் மனைவியான அம்மாவுக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். அதாவது அடுத்த போதகர் உங்கள் குடும்பத்தின் இடத்தில்தான் ஆராதனை நடத்த வேண்டியிருக்கும். பிள்ளைகள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மருமக்கள் வந்தபிறகு என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உயில் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். கிறிஸ்தவர்கள் மதக் காரியங்களுக்கு உயில் எழுத இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2003இல் நீக்கிவிட்டது, அதனால் எழுதலாம்தான். ஆனால் உயிலை எதிர்த்து வழக்கு வரும்போது விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் பதிவுசெய்து, தானப் பத்திரம் மூலம் மனையை அதன் பெயருக்கு மாற்றிவிடுங்கள், முத்திரைத்தாள் செலவை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, மகன் மட்டும் டிரஸ்டிகளாக இருக்கிற டிரஸ்ட் வேண்டாம், பாதிக்கு மேல் வெளியாட்கள் இருக்கட்டும். அடுத்த மேனேஜிங் டிரஸ்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

சரி, ஆள். அழைப்பைப் பற்றி வாயே திறக்காத மகனை அம்மாவின் கண்ணீருக்காகக் கொண்டுவராதீர்கள். சாமுவேல் தன் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். அழைப்பு உண்டு என்று அவனே சொன்னால், மற்றவர்களைப் போல வேறொரு மூத்த போதகரின் கீழே சில ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு வரட்டும்.

உதவி போதகர் விஷயத்தில் நான் கேட்பது வேறு. இந்த 14 ஆண்டுகளில் அவர் எத்தனை முறை ஞானஸ்நானம் கொடுத்தார்? திருவிருந்து நடத்தினாரா? கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாரா? வாலிபர் கூட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு "அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சொல்லும் சபைகள் ஏராளம். எண்ணாகமம் 27இல் மோசே உயிரோடிருக்கும்போதே, சபையார் கண்முன் யோசுவாவின்மேல் கைவைத்து, தன் கனத்தில், அதாவது அதிகாரத்தில், ஒரு பகுதியைக் கொடுக்கிறார். ஒரு விசுவாசியின் வீட்டில் நள்ளிரவில் மரணம் என்றால் முதல் போன் உங்கள் உதவி போதகருக்குப் போக வேண்டும், அடக்க ஆராதனையை அவரே நடத்த வேண்டும். அப்போதுதான் ஜனங்கள் அவரைத் தங்கள் மேய்ப்பராக ஏற்றுக்கொள்வார்கள்.

ஒப்படைத்த பிறகுதான் பெரிய ஆபத்தே வருகிறது. கலிபோர்னியாவில் கிறிஸ்டல் கதீட்ரலைக் கட்டிய ராபர்ட் ஷுல்லர் 2006இல் மகனிடம் பொறுப்பைக் கொடுத்தார், 2008இலேயே அவரை டிவி நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார், மகன் சபையை விட்டே போனார். ஏற்கெனவே கடன் இருந்தது, 2010இல் சபை திவால் மனு போட்டது, கடைசியில் அந்தக் கண்ணாடி ஆலயத்தை 5 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கியது. அதனால் தேதி குறித்து, சபையில் அறிவித்து, செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையையும் அன்றைக்கே மாற்றுங்கள். அதன்பிறகு சில மாதங்கள் வேறு ஊர் சபைகளில் செய்தி கொடுக்கப் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்து புதிய போதகரைப் பற்றிக் குறை சொல்கிறவர்களை அவரிடமே அனுப்புங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் வெட்கப்பட்டுப் பேசுவதில்லை. அநேக போதகர்கள் 80 வயதிலும் பிரசங்க பீடத்தை விடாததற்குப் பதவி ஆசைதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை, விட்டால் அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு வழியில்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் அம்மாவுக்கும் மாதம் எவ்வளவு, வீட்டு வாடகை யார் பொறுப்பு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன ஏற்பாடு, உங்களுக்குப் பின் அம்மாவுக்கு எவ்வளவு தொடரும், இவற்றையெல்லாம் ஒப்படைக்கும் தேதிக்கு முன்பே டிரஸ்ட் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லா டிரஸ்டிகளிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.