குதிகால் வலிக்கு ‘ஷாக்வேவ்’ வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் வயது 47. காவேரிப்பட்டணம் அருகே மாங்கூழ் தொழிற்சாலையில் நாள் முழுவதும் சிமென்ட் தரையில் நின்றபடி பழம் பிரிக்கிறேன். எட்டு மாதமாக இடது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிரே போகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டும் குறையவில்லை. இப்போது ‘ஷாக்வேவ்’ வைக்கச் சொல்கிறார்கள். கரண்ட் ஷாக் என்றாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. குதிகாலில் ஜெல் தடவி, கருவியின் முனையை அழுத்திப் பிடித்து, ‘டக் டக்’ என்ற ஒலியுடன் அழுத்த அலைகளைச் செலுத்துவார்கள். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலாகப் பயன்பட்ட அதிர்வலை முறையே, பின்னர் தசைநார் வலிகளுக்கும் வந்தது. அதனால்தான் அலை எலும்பு முள்ளையும் உடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி உடைக்காது, உடைக்க வேண்டியதும் இல்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. உங்கள் வலி பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் தடித்த நார்ப்பட்டை நைந்துபோனதால் வருவது. அலைகள் அந்த இடத்தில் புதிய நுண் இரத்தக் குழாய்கள் உருவாகத் தூண்டி, ஆறாமல் நின்றுபோன திசுவை மீண்டும் ஆறவைக்க முயல்கின்றன. வலியைக் கடத்தும் நரம்பு முனைகளையும் மட்டுப்படுத்துகின்றன.

வழக்கமாக வாரம் ஒரு முறை வீதம் 3 முதல் 5 அமர்வுகள் தருவார்கள். அலை படும்போது வலிக்கும், சில நாள் சிவந்தோ கன்றியோ இருக்கலாம். பலன் மெதுவாகவே, பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தெரியும் என்பதால், இரண்டாம் அமர்விலேயே மனம் தளர வேண்டாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். மற்ற வழிகளில் பல மாதம் ஆறாத வலிக்கு இது முயன்று பார்க்கத் தக்கது.

ஆனால் உடனே வேண்டாம். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் குறைந்தது ஆறு வாரமாவது இடைவெளி விட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புண்ணோ கட்டியோ உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லாண்டு ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்தவராக இருந்து, குதிகாலோடு கழுத்தும் இடுப்பும் விறைத்திருந்தால், அது புளூரைடால் வந்த எலும்புப் பாதிப்பா என்று முதலில் எலும்பு மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதிப்பை அதிர்வலை நீக்காது.

இதற்கிடையே, காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்து, உள்ளங்கால் நன்றாக இழுபடும்படி பத்து விநாடி பிடித்து, பத்து முறை செய்யுங்கள். இப்பயிற்சியை விட்டுவிட்டு அலையை மட்டும் நம்புவது பணத்துக்குக் கேடு. வேலையிடத்தில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு மட்டுமாவது தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ சீசன் முடியும் வரை அதுவே உங்களுக்குப் பெரிய உதவி.