எம் என்றால் நாற்பது: பைசாந்தியக் காசுகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ரோமானியக் காசுகள் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். பைசாந்தியக் காசுகளுக்குள் நுழைய எதில் தொடங்கலாம்?

செம்பில் தொடங்குங்கள். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசுதான் பைசாந்தியம். அதன் பேரரசர் முதலாம் அனஸ்டாசியஸ் 498இல் நாணய முறையைச் சீர்திருத்தினார். அப்போது பிறந்ததுதான் ஃபாலிஸ் என்ற பெரிய செப்புக்காசு. பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு எம் (M) என்ற எழுத்து நிற்கும். கிரேக்கர்களுக்கு அது 40. நம் பழைய ஏடுகளில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று படிக்கிறோமே, அதே மாதிரிதான். அதாவது இந்தக் காசின் மதிப்பு 40 நும்மி. நும்மி என்பது அன்றைய மிகச் சிறிய செப்புக்காசு. கே (K) இருந்தால் 20, ஐ (I) இருந்தால் 10, ஈ (E) இருந்தால் 5.

பேரரசர் முதலாம் ஜஸ்டினியனின் பெரிய ஃபாலிஸ் ஒன்று நியாயமான விலைக்கு வந்தால் விடாதீர்கள். அகலம் 40 மில்லிமீட்டர் வரை, எடை 20 கிராமுக்கு மேல். உள்ளங்கையில் வைத்ததுமே கனம் தெரியும். எம் எழுத்துக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக ‘ஆன்னோ’ என்றிருக்கும். ஆண்டு என்று பொருள். வலப்பக்கம் ரோமன் எண்ணில் ஆட்சியாண்டு. அது 12 என்றால், அவர் அரியணை ஏறிய 527இலிருந்து எண்ணிப் பாருங்கள்: 538–39. அடியில் இருப்பது நாணயச்சாலையின் சுருக்கப் பெயர். எம்மின் கால்களுக்கு நடுவே உள்ள சின்ன எழுத்து, அந்தச் சாலைக்குள் எந்தப் பட்டறை என்பதைச் சொல்லும். ஆண்டு, ஊர், பட்டறை மூன்றையும் தானே சொல்லும் பழங்காசு வேறு எங்கே இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது?

கேள்வி: என் காசில் ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் நான்கு வரி எழுத்து. அரசர் பெயரே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல காசு வைத்திருக்கிறீர்கள். பெயரில்லா ஃபாலிஸ் என்று இதைச் சொல்வோம். அந்த நான்கு வரியும் சொல்வது ‘இயேசு கிறிஸ்து, அரசர்களின் அரசர்’ என்பதைத்தான்.

தொடங்கியவர் முதலாம் யோவான் ட்சிமிஸ்கெஸ். 969 டிசம்பரில் பேரரசர் நிக்கெபோரஸ் ஃபோகாஸை அரண்மனைக்குள்ளேயே கொன்று அரியணையைப் பிடித்தவர். பரிகாரம் செய்யாமல் முடிசூட்ட முடியாது என்று கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைக் குரு போலியூக்டஸ் தடுத்துவிட்டார். அப்படிப்பட்டவர் தன் முகத்தையும் பெயரையும் செப்புக்காசிலிருந்து எடுத்துவிட்டுக் கிறிஸ்துவை வைத்தார். கொலைப்பழி அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பின் வந்தவர்களும் 1092 வரை இந்த முறையை விடவில்லை.

பெயர் இல்லாததால் இவற்றை வகைபிரித்து ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். நான்கு வரி உள்ளது முதல் வகை. பிந்தைய வகைகளில் சிலுவை, மரியாள் உருவம் எல்லாம் வரும். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஜன்னலோரம் வெளிச்சம் சாய்வாக விழும்படி காசைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். பல காசுகளில் பழைய உருவத்தின் ஒளிவட்டமோ எழுத்தின் வாலோ அடியில் தலைகாட்டும். பழைய காசை உருக்காமல் அதன் மேலேயே புது அச்சை அடித்த தடம் அது. எந்த வகை முந்தியது, எது பிந்தியது என்று அறிஞர்கள் வரிசைப்படுத்தியதற்கு இந்தத் தடங்கள் பெரிய துணை.

கேள்வி: கிண்ணம் போல் குழிந்த காசு வாங்கினேன். வளைந்துவிட்டதா? தட்டி நிமிர்த்தலாமா?

தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள். அடிக்கும்போதே அப்படித்தான் அடித்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் அகலமான தங்கக்காசு குழிவாக மாறியது. டெட்டார்டெரான் என்ற சிறிய, தடித்த தங்கக்காசு தட்டையாகவே இருந்தது. பேரரசர் முதலாம் அலெக்ஸியஸ் 1092இல் கொண்டுவந்த ஹைப்பர்பைரான் என்ற புதுத் தங்கக்காசும் குழிவுதான். சுமார் ஏழு நூற்றாண்டு தூய தங்கமாக இருந்த பழைய காசு தரம் கெட்டுக் கெட்டுப் பேருக்குத்தான் தங்கம் என்று ஆன பிறகு, அவர் 20½ காரட்டில் இதை அடித்தார். குழிந்த காசில் உருவம் இரட்டையாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். அச்சைச் சாய்த்து இரண்டு முறை அடித்ததன் அடையாளம் அது.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமா?

ஆகும், கூடவே காசும் போய்விடும். பித்தளைக் குடத்துக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். கெட்டியாகப் படிந்த பச்சை, பழுப்புப் படலம்தான் எழுத்துகளைக் காக்கிறது. மண் மட்டும் போக வேண்டுமா? காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவையுங்கள், அது போதும். வெளிர்பச்சையாகத் தூள் உதிர்ந்தால் மட்டும் கவனம். அது செம்பைத் தின்னும் நோய். அந்தக் காசைத் தனியே, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: இந்தக் காசுகள் நம் பக்கம் வந்திருக்கின்றனவா?

முற்காலத்தவை வந்தன. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்ற பயணி, சோபாத்ரஸ் என்ற பைசாந்திய வணிகரின் கதையைச் சொல்கிறார். இலங்கை மன்னன் முன் ஒரு பாரசீகன் தன் அரசனே பெரியவன் என்று பேசினான். சோபாத்ரஸ், ‘இரு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள்’ என்று தம் நாட்டுத் தங்கக்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் காட்ட, மன்னன் தங்கத்தின் பக்கம் சாய்ந்தான். கர்நாடகத்தின் அக்கி ஆலூரில் இப்படிப்பட்ட தங்கக்காசுப் புதையலே கிடைத்தது. தென்னிந்தியாவில் கிடைத்த சாலிடஸ் என்ற இந்தத் தங்கக்காசுகள் பலவற்றில் அரசர் தலைக்கு மேல் இரண்டு துளைகள் இருக்கும். நம்மவர்கள் கோத்து அணிந்திருக்கிறார்கள். துளை விழுந்த காசுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பார்கள். எனக்கோ அந்தத் துளைதான் அருமை.

அப்புறம், நிலத்தில் தோண்டும்போது இப்படி ஏதாவது அகப்பட்டால் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடத்தையும் குறித்துக் கொடுங்கள்.