உண்ணிக் கடியைத் தவிர்க்க உடைக்கு மருந்து அடிக்கலாமா?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் நடக்கப் போகிறீர்கள். தோலில் டீட் என்ற பூச்சி விரட்டியைப் பூசினால் போதாதா, உடைக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டும் என்பேன்.

டீட் உண்ணியை அண்டவிடாது, அவ்வளவுதான். பெர்மெத்ரின் அப்படியில்லை, துணியில் ஏறிய உண்ணியை முடக்கிக் கொன்றுவிடும். சாமந்தி இனப் பூ ஒன்றில் இருக்கும் பைரெத்ரின் என்ற பொருளைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த மருந்து அது. உண்ணி பறக்காது, குதிக்கவும் செய்யாது. புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகிறவர் காலில் தொற்றி மேலே ஊரும். அதனால் சட்டையைவிட ஷூ, சாக்ஸ், பேண்டின் கீழ்ப்பகுதி இவைதான் முக்கியம். லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கண்ணில் படுவதே கஷ்டம்.

பெர்மெத்ரின் கடையில் 0.5 சதவீத ஸ்பிரேயாகவே கிடைக்கிறது. முந்தைய நாளே உடையை வெளியில் கொடியில் தொங்கவிட்டு, ஈரமாகும்வரை அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். உடுத்திக்கொண்டு அடிக்கவே கூடாது. இது தோலில் பூசும் மருந்து இல்லை. சுமார் 6 சலவை வரை தாங்கும். அப்புறம், வீட்டில் பூனை இருக்கிறதா? காயும்வரை அதை அந்தப் பக்கமே விடாதீர்கள், பூனைக்கு இது விஷம். மீனுக்கும் அப்படித்தான், மிச்ச மருந்தை ஓடையில் கொட்டிவிடாதீர்கள்.