தற்கொலையைத் தடுக்கத் தொலைபேசி, குறுஞ்செய்தி, செயலி ஆகியவை உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் கேள்வி கேட்டவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய செயலிகளையும் செயற்கை நுண்ணறிவையும் நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன். தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இரவு நேரங்களில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

1953 நவம்பரில் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தம் தேவாலயத்தில் இத்தகைய தொலைபேசி உதவிச் சேவையைத் தொடங்கினார். எளிதில் நினைவில் நிற்கும் 'மேன்ஷன் ஹவுஸ் 9000' என்பதே அதன் எண். ஆலோசனை சொல்வது தம் வேலை என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தன்னார்வலர்களிடம் பேசிய பலர், அவரைப் பார்க்காமலேயே மனம் தேறித் திரும்பியதைக் கவனித்த அவர், சில மாதங்களிலேயே தொலைபேசியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். உலகின் பல உதவி எண்கள் இன்றும் அந்த வழியில்தான் இயங்குகின்றன.

அந்த முறையில் ஒரு குறை உண்டு. அது அழைப்புக்காகக் காத்திருக்கிறது. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று எண்ணிச் சோர்ந்துபோன ஒருவருக்கோ எண்ணை அழுத்துவதே மலையைப் புரட்டுவதுபோல் இருக்கும். எங்கள் மையத்தில், அடையாளம் கேட்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தால், நாங்களாக யாரையும் திருப்பி அழைக்கக்கூடாது என்றும் விதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் பேசி முடிக்கும் நேரத்தில் ஒருவர், "நாளைக்கு யாராவது என்னைக் கூப்பிடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை, நீங்கள்தான் அழைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த விதியின்மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

ஏனென்றால், நாமாகத் தேடிச் சென்று தொடர்புகொள்வதற்குத்தான் வலுவான சான்றுகள் இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறியபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு மட்டும் ஐந்தாண்டுகளில் 24 சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்பதைத் தவிர அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. 1988 முதல் 1998 வரை இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், பெரும்பாலும் முதியவர்களான 18,641 பேரை ஊழியர்களே வாரம் இருமுறை போல அழைத்து நலம் விசாரித்தார்கள். ஏறத்தாழ 21 தற்கொலைகள் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் 6 மட்டுமே நிகழ்ந்தன. பலன் பெரும்பாலும் பெண்களிடமே தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர்; தொடர்புகொள்ளப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. (மோட்டோவின் கடிதங்களைப் போலத் தபால் அட்டைகளை அனுப்பிப் பிற்காலத்தில் நடந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டவில்லை.)

எங்கள் மையத்திலும் பின்னாளில், அழைப்பவர் சம்மதித்தால் மீண்டும் அழைக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அந்த அழைப்புகளில் பல ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. சிலர் கூச்சப்பட்டு உடனே வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னீர்கள், அதுவரை பார்ப்போம் என்று இருந்தேன்" என்றார்.

குறுஞ்செய்திக்குத் தனி இடம் உண்டு. பக்கத்து அறையில் இருப்பவர் கேட்டுவிடுவார் என்று அஞ்சும் இளையோர் பேசுவதைவிடத் தட்டச்சு செய்வதையே விரும்புகிறார்கள். ஆனால் தொலைபேசியில் மௌனத்துக்கும் மூச்சொலி உண்டு. திரையில் மூன்று நிமிடம் பதில் வராவிட்டால், அவர் அழுகிறாரா, தேநீர் போடப் போனாரா, வேறு முடிவுக்கு வந்துவிட்டாரா என்று தெரியாமல் தவிக்க வேண்டும்.

பதிவுகளைக் கணினியே படித்து ஆபத்தைக் கண்டறியும் முறையை ஃபேஸ்புக் 2017இல் விரிவுபடுத்தியது. அதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது: கண்டறிந்தபின் வீட்டு வாசலில் நிற்பது நண்பரா, காவல்துறையா என்பதைப் பொறுத்தே அது உதவியாகவோ அச்சமாகவோ ஆகும். அமெரிக்காவின் குறுஞ்செய்திச் சேவையான கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன், பெயர் நீக்கப்பட்ட உரையாடல் தரவுகளை வணிக நிறுவனம் ஒன்றுடன் பகிர்ந்தது வெளியாகி, 2022இல் கண்டனம் எழுந்தபின் அதை நிறுத்தியது. இரவில் மனம்விட்டுப் பேசியது வேறெங்கோ போகும் என்ற ஐயம் வந்துவிட்டால் அடுத்த முறை அவர் பேச மாட்டார்.

யாரோ ஒருவரை நினைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. இப்போதே ஆபத்து என்று தோன்றினால் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் அவரிடம் பேசுங்கள், அவசர உதவியை அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால், இன்றே உங்கள் நாட்டின் உதவி எண்ணையோ நம்பிக்கையான ஒருவரையோ அழையுங்கள். அழைக்கத் தெம்பில்லை என்றால், "என்னைக் கூப்பிடு" என்ற இரண்டு சொற்களை மட்டும் அவருக்கு அனுப்பினாலும் போதும். அப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்தால் உடனே அழையுங்கள். வைக்கும் முன் அடுத்து எந்த நாள், எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வையுங்கள், அந்த நேரத்தில் தவறாமல் அழையுங்கள்.