விமானிப் பயிற்சிக்கு வீட்டை அடகு வைக்கலாமா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். விமானி ஆவதைத் தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ள மறுக்கிறான். ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்ததில், மொத்தம் 55 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், முடித்த கையோடு மாதம் 2 லட்சத்திற்குக் குறையாமல் சம்பளம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். எனக்கு இருப்பவை ஒரு வீடும் இரண்டு லாரிகளும்தான். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்பதற்குத் தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: தங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு எண்களுமே பொய்யல்ல, ஆனால் இரண்டும் முழுமையானவை அல்ல. 55 லட்சம் என்பது பெரும்பாலும் வணிக விமானி உரிமம் பெறுவது வரைக்குமான செலவு. அந்த உரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். இந்தப் பயிற்சி பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் நடக்கிறது. ஆனால் விமான நிறுவனங்கள் ஓட்டுவதோ ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள். அவற்றை ஓட்டுவதற்கு அந்தந்த வகைக்கான ‘டைப் ரேட்டிங்’ என்னும் தனிப் பயிற்சியைப் பெற வேண்டும். அதற்கு ஏறத்தாழ 15 முதல் 25 லட்சம் வரை ஆகும். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணங்கள், மருத்துவப் பரிசோதனைகள், பயிற்சி இழுத்துக்கொண்டு போனால் கூடும் மாதச் செலவுகள் ஆகியவற்றையும் சேர்த்தால், 75 லட்சத்திலிருந்து 90 லட்சம் வரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பானது.

இனிச் சம்பளம். பெரிய நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து, தொடக்கப் பயிற்சிக் காலத்தையும் கடந்துவிட்ட ஒருவருக்கு அந்த அளவு வருமானம் வருவது உண்மைதான். 60 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 64,500 ரூபாய் வரும். வேலை கிடைத்துவிட்ட இளைஞன் ஒருவனால் அதைக் கட்ட முடியும். ஆகவே ‘பயிற்சிச் செலவுக்கு இந்த வேலை தகுமா’ என்று பொதுவாகக் கேட்டால், வேலை கிடைத்தவர்களுக்குத் தகும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தங்கள் முடிவு உரிமம் கைக்கு வரும் நாளுக்கும் முதல் சம்பளம் வரும் நாளுக்கும் நடுவே உள்ள காலத்தைப் பொறுத்தது. பள்ளிகளின் விளம்பரத் தாள்களில் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

‘விமானிகளுக்குக் கடும் பற்றாக்குறை’ என்று நாளேடுகளில் வரும் செய்திகளை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஆனால் அவை ஒரே நாளில் வந்து இறங்கப் போவதில்லை. பல ஆண்டுகளில் படிப்படியாகத்தான் வரும். மேலும், உண்மையான பற்றாக்குறை பெரும்பாலும் கேப்டன்களுக்குத்தான். கேப்டன் ஆவதற்கான உரிமத்திற்கே 1,500 மணி நேரப் பறத்தல் தேவைப்படும்போது, 200 மணி நேரத்துடன் வெளியே வரும் புதியவர்கள் அந்தப் பற்றாக்குறையை நிரப்ப முடியாது. அதே 2023இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது எல்லோரும் டிஜிசிஏ என்று சொல்லும் அமைப்பு, 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. கேப்டன் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, துணை விமானி நாற்காலிக்குப் பெரும் வரிசை நிற்கிறது.

அந்த வரிசை நகரும் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது; 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது; அடுத்த ஆண்டே கொரோனா வந்து ஆட்சேர்ப்பை முடக்கியது; 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒரு நிறுவனம் மூடப்படும் ஒவ்வொரு முறையும், ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவர்களும் வேலை தேடிச் சந்தைக்கு வந்துவிடுவதால், புதிய உரிமதாரர்கள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள். தங்கள் மகன் பயிற்சியை முடிக்கும் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டாக இருக்கும் என்பதை இன்று எந்தப் பள்ளியாலும் சொல்ல இயலாது. காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்பதில்லை. கருவிகளின் துணையோடு பறப்பதற்கான தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது பணம் கட்டிப் பறக்கவும் வேண்டும். 60 லட்சம் கடனுக்கு 10 சதவீதத்தில் வட்டி மட்டுமே மாதம் 50,000 ரூபாய். கடன் வாங்கி லாரி எடுத்தால் தொழில் நொடித்தாலும் விற்பதற்கு லாரியாவது மிஞ்சும்; உரிமத்தை விற்க வழியில்லை.

ஆகவே தங்களை நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சி முடிந்த பிறகு மகனுக்கு இரண்டு ஆண்டுகள் வேலையே கிடைக்காவிட்டாலும், அந்த மாதம் 50,000 ரூபாயை லாரி வருமானத்திலிருந்து, லாரிகளை விற்காமல், தங்களால் கட்ட முடியுமா? முடியும் என்றால் தயங்க வேண்டாம். பையனைப் பறக்க விடுங்கள். முடியாது என்றால், வீட்டைப் பணயம் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏழரை லட்சத்திற்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும் என்பதால், இந்தத் தொகைக்கு வீட்டைத் தவிர்க்க வழியும் இராது.

முடிவு எதுவானாலும், பணம் போகும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றும், அதன்பின் பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். நிறங்களைப் பிரித்தறிவதில் உள்ள குறை போன்றவை அங்கேதான் வெளிப்படும். சில ஆயிரங்களில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியை லட்சங்களைக் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது கொடுமை. அடுத்ததாக டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகள். வழிசெலுத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. பறக்கத் தொடங்குவதற்கு முன்பே இவற்றை முடித்துவிட்டவன் பயிற்சியில் தேங்கி நிற்கமாட்டான். முடிக்கத் திணறுகிறான் என்றால் அதுவும் குறைந்த செலவில் கிடைத்த ஒரு பதில்தான்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினால் மட்டும் போதாது. தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. அங்கோ வேறு எங்கோ, மழையில்லாத ஒரு நாளில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். எத்தனை விமானங்கள் எழும்புகின்றன, எத்தனை விமானங்கள் எஞ்சின் மூடி கழற்றப்பட்டு ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகையில் உதிரிப் பாகத்திற்காகக் காத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பறக்கும் விமானங்கள், வேலையில் உள்ள பயிற்றுநர்கள், சேர்ந்துள்ள மாணவர்கள் ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் கேளுங்கள். அதைவிட முக்கியம், சேர்ந்து ஓராண்டு ஆன ஒரு மாணவனிடம், பறந்த மணி நேரங்களைப் பதிந்து வரும் அவனது லாக் புத்தகத்தைக் காட்டச் சொல்வது. அதில் 40 மணி நேரம்தான் ஏறியிருக்கிறது என்றால், 18 மாதத்தில் முடித்துத் தருவோம் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. டிஜிசிஏ 2025 அக்டோபரிலிருந்து பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். டைப் ரேட்டிங்கிற்கான பணத்தை, எந்த நிறுவனம் எந்த வகை விமானத்திற்கு ஆள் எடுக்கிறது என்று தெரியும்வரை தொடாமல் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: இந்தியாவில் பயிற்சி தாமதமாகிறது என்பதால் தென்னாப்பிரிக்கா அல்லது அமெரிக்காவுக்குப் போய் ஓராண்டில் முடித்துவிடலாம் என்கிறார் ஒரு முகவர். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டம் இதைவிட நல்லதா?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: வெளிநாட்டில் வேகமாக முடியும் என்பது பல இடங்களில் உண்மைதான்; விமானங்கள் அதிகம், வானமும் நெரிசலின்றிக் கிடைக்கிறது. ஆனால் அங்கே வாங்கிய உரிமத்தைக் கொண்டு இங்கே நேராக வேலைக்குப் போக முடியாது. டிஜிசிஏ தேர்வுகளை எழுதி, இங்கே ஒரு விமானத்தில் திறன் சோதனைகளையும் பறந்து காட்டி இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்குச் சில லட்சங்களும் பல மாதங்களும் செல்லும். முகவர்கள் சொல்லும் ‘ஓராண்டு’ இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் பாதி வழியில் கட்டணம் கூடுவதையும் நினைவில் வையுங்கள். எனவே எழுத்துத் தேர்வுகளை இங்கேயே முடித்துவிட்டு விமானம் ஏறுவது புத்திசாலித்தனம்.

நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துத் தனக்காகப் பயிற்றுவிக்கும் கேடட் திட்டத்தில் செலவு 1 கோடியைத் தொடும், சில சமயம் தாண்டும். அந்தக் கூடுதல் பணம் காத்திருப்புக் காலத்தைக் குறைப்பதற்குக் கொடுக்கும் விலை என்பதால், வசதி உள்ளவர்களுக்கு அது நியாயமான பேரமே. ஒப்பந்தத்தில் ‘வேலை தரப்படும்’ என்று இருக்கிறதா, ‘காலியிடம் இருப்பின் பரிசீலிக்கப்படும்’ என்று இருக்கிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். குறைந்த செலவில் நல்ல பயிற்சி என்றால், உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமியின் நுழைவுத் தேர்வை ஒரு முறையாவது எழுதிப் பாருங்கள். அங்கும் கட்டணம் 45 லட்சம் அளவில் இருப்பதால், மலிவு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: நான் பி.காம். படித்தவன், மேல்நிலையில் வணிகவியல் பிரிவு. கண்ணாடியும் அணிகிறேன். எனக்கு வாய்ப்பே இல்லையா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: இருக்கிறது. இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் தனியாக எழுதித் தேர்ச்சி பெற்றுப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் பலர் உண்டு. கண்ணாடி அணிந்து பார்வை உரிய அளவுக்கு வந்துவிடுமானால் அது தடையாகாது. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் போய் வாருங்கள். பாடங்களுக்கான விண்ணப்பத்தை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.