கேள்வி – பதில்: படித்ததும் குறித்ததும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு படிக்கத் தொடங்கியவன் நான். படித்து முடிக்கும் ஒவ்வொரு நூலைப் பற்றியும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைப்பேன். அண்மையில் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைப் படித்துவிட்டு, “சோகம் அதிகம், இழுவை” என்று எழுதினேன். இலக்கியம் தெரியாதவர்கள் இப்படித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறாள் என் மகள். என்னைப் போன்றவர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு. விலை கொடுத்து வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கு அந்த நூலைப் பற்றிப் பேச முழு உரிமை இருக்கிறது. நான் சொன்னதாகவே இதை உங்கள் மகளிடம் சொல்லலாம். ஆனால் நீங்கள் எழுதிய வரியில் அந்த நாவலைப் பற்றி எதுவுமே இல்லை என்பதுதான் என் குறை. அதே வரியை வேறு நூறு நாவல்களுக்கும் எழுதிவிடலாம்.

பொறியியல் படித்த பெண்ணொருத்தி வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். கதையின் பெரும்பகுதி, தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்துக் கிடக்கும் உறவினர்களின் பேச்சாகவே நடக்கிறது. கையில் பணம் இருந்தும் அதைக் கொண்டு ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்ற நிலையில், அந்த வாசலில் பொழுது எவ்வளவு மெதுவாகப் போகுமோ அவ்வளவு மெதுவாகத்தான் பக்கங்களும் போகின்றன. ஆகவே உங்களுக்குச் சலிப்பு எந்த இடத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். அது காத்திருப்பின் சலிப்பா, அல்லது ஏற்கெனவே கேட்ட புலம்பலையே மறுபடியும் கேட்க நேர்ந்த சலிப்பா? முன்னதை நாம் உணர வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். பின்னதை அவர் குறைத்திருக்கலாம். இந்த நாவலில் இரண்டும் உண்டு என்றே நான் கருதுகிறேன். பெற்றோரின் குற்றவுணர்வு வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே தானாகக் கசியும் இடங்களில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. அதையே அவர்கள் வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடங்களில் பக்கங்களைத் தள்ளத் தோன்றியது.

‘இழுவை’ என்று எழுதியதை அடிக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே பக்க எண்ணையும், அந்த இடத்தில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் என்பதற்காக உங்களுக்கு வந்த சலிப்பை மறைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: புதிய நூல்களின் விலை எனக்குக் கட்டுப்படியாவதில்லை. நூலகத்தில் படித்தால் அடிக்கோடு போட முடியாது. நான் எங்கே படிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம் உங்களுக்குத் தொலைவில்லை. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அங்கே வந்து சேர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. எல்லாப் பதிப்பாளர்களும் அதை ஒழுங்காக நிறைவேற்றுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை, ஆயினும் கேட்டுப் பார்த்தால் நட்டமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தையே கொண்டுபோய் அமர்ந்து படிப்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் ஓயாதவர்களுக்கு அது பெரிய உதவி.

அடிக்கோடு போட முடியாததை நான் குறையாகவே நினைக்கவில்லை. பென்சில் கையில் இருந்தால் பக்கம் முழுவதும் கோடாகிவிடுகிறது. கையால் எழுதித்தான் எடுத்து வர வேண்டும் என்றால் உண்மையிலேயே பிடித்த நாலு வரிதான் நோட்டுக்கு வரும். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலைப் படிக்க நேர்ந்தால் இதைச் செய்து பாருங்கள். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் நிகழும் ஒரு சாவுக்கு உறவுகள் வந்து கூடுவதிலிருந்து விரியும் கதை அது. தொடக்கத்தில் யார் யாருக்கு என்ன முறை என்பது சென்னைக்காரர்களுக்கு எளிதில் பிடிபடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மாமன், அத்தை, பெரியம்மா என்று ஒரு உறவுப் படம் போட்டுக்கொண்டு, புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் ஒரு கோடு சேருங்கள். யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் அதிலேயே குறித்துக்கொண்டால், இழவு வீட்டில் ஒருவர் வந்து நுழைந்ததும் மற்றவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பது விளங்கும். உறவுகளை ஆசிரியர் எங்குமே நின்று விளக்குவதில்லை. அந்தத் துணிவுதான் நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: நான் விருது பெற்ற நூல்களை மட்டுமே படிக்கிறேன். அது போதுமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: போதாது, ஆனால் அதனால் கெடுதலும் இல்லை. கதை மட்டுமே படிப்பவர்களை விருதுப் பட்டியல் சில வேளைகளில் வேறு பக்கமும் திருப்பிவிடுகிறது. 2024ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற வரலாற்று நூலுக்குக் கிடைத்தது. வ.உ.சி. கைதானதற்கு மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மக்கள் திரண்டெழுந்ததையும் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்ததையும் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்து வந்தவர்கள் நாம். இத்தகைய நூலைப் படிக்கும்போது அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு செய்தி எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று பார்த்துப் பழகினால், ஆதாரமின்றி எழுதப்படும் வரலாறுகள் கைக்கு வரும்போது அவற்றை எளிதில் இனங்கண்டுகொள்ளலாம்.

கேள்வி: பாதியில் நிறுத்திய நூல்களையும் படித்த கணக்கில் சேர்க்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: தாராளமாக. எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் எழுதிவிடுங்கள். பிறகு அந்த நூலைப் படிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தால் அலமாரியில் இடம் வேண்டுமல்லவா?