பிசாக் 5எல்பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்: புரோகிராம் சரி, வோல்டேஜ் மட்டும் ஏன் பிழையாக வருகிறது?

கேள்வி இதுதான்: இந்தச் சிப் உள்ள 059 கிட்டில் (CY8CKIT-059 பழகு பலகை) விடாக், அதாவது எண்ணை வோல்டேஜாக மாற்றும் பகுதி, 2 வோல்ட் கொடுக்கிறது, 10 கிலோஓம் லோடை மாட்டியதும் 0.77க்கு விழுகிறது, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் எண்களும் ஆடுகின்றன.

விடாக் பழுதில்லை. 4.08 வோல்ட் ரேஞ்சில் அதன் வெளியீட்டுத் தடை சுமார் 16 கிலோஓம். 2 × 10/26 போட்டுப் பாருங்கள், உங்கள் மீட்டர் காட்டியதே வரும். 1.02 வோல்ட் ரேஞ்சிலும் 4 கிலோஓம் இருக்கிறது, அதனால் ரேஞ்சை மாற்றித் தப்ப முடியாது. ஸ்கிமாட்டிக்கில் (சுற்று வரைபடத்தில்) ஓபாம்ப் என்ற பெருக்கி ஒன்றை ஃபாலோவராக, அதாவது அதே வோல்டேஜைக் குறைந்த தடையில் தருவதாகப் போட்டு அதன் வழியே வெளியே எடுங்கள். ஓபாம்ப்களின் நேரடிப் பின்கள் பி0.0 (போர்ட் 0, பின் 0), பி0.1, பி3.6, பி3.7. வேறு பின் கொடுத்தாலும் பிசாக் கிரியேட்டர் (சிப்பை வடிவமைக்கும் மென்பொருள்) பெரும்பாலும் மறுக்காது. உள்ளே சுவிட்சுகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும், தடையும் கூடவே ஏறும். அதனால் அனலாக் பின்களை முதலில் பூட்டிவிட்டு மிச்சத்தை டிஜிட்டலுக்கு விடுங்கள். போர்ட் 12ஐ அனலாக்குக்கு நினைக்கவே வேண்டாம்.

திரையில் வயர் இழுத்தால் மட்டும் ஓபாம்ப் ஓடாது. புரோகிராமின் மெயின் ஃபங்ஷனில் ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட் அழைக்க வேண்டும். டெல்டா சிக்மா வகை ஏடிசிக்கு அதற்குமேல் ஸ்டார்ட் கன்வர்ட்டும் வேண்டும்.

எண் ஆடுவதற்கு முதல் சந்தேகம் மின்சார லைனிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். நொடிக்கு 1000 வாசிப்பு என்றால் 20 வாசிப்புகளைச் சராசரி எடுங்கள்: சரியாக 20 மில்லிசெக்கன், மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று, இரைச்சல் தானே கழிந்துவிடும். 16 எடுத்தால் அப்படிக் கழியாது.

இந்தக் கிட்டில் பி0.2, பி0.3, பி0.4, பி3.2 பின்களில் ஏடிசி ரெஃபரன்சுக்காக (ஒப்பிட்டு அளக்கும் வோல்டேஜுக்காக) கப்பாசிட்டர்கள் ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. அங்கே பிடபிள்யூஎம் (அகலம் மாறும் சதுரத் துடிப்பு) எடுத்தால் சதுர அலை சதுரமாக வராது.

சொந்தமாக சர்க்கிட் பலகை அடிப்பதானால்: விசிசிஏ, விசிசிடி இரண்டும் உள் 1.8 வோல்ட் ரெகுலேட்டரின் பின்கள். வெளியே 1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் மட்டும், 3.3 வோல்ட்டை அங்கே கொடுக்காதீர்கள். அனலாக் பகுதிக்கான சப்ளையான விடிடிஏவை விட வேறெந்த சப்ளையும் உயரக்கூடாது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கப்பாசிட்டர் வாங்கும்போது எக்ஸ்7ஆர் அல்லது எக்ஸ்5ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒய்5வி கப்பாசிட்டர் சூட்டில் பாதிக்கும் கீழே இறங்கும்.

இன்னொன்று, யூஎஸ்பியில் ஓடும் கிட்டின் பின்களில் வருவது 5 வோல்ட்டுக்குக் கிட்ட. 3.3 வோல்ட் சென்சரை லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜ் அளவை மாற்றும் சுற்று) இல்லாமல் மாட்டாதீர்கள்.